ஊவா மலையும் கடலின் நிறமும்

இலங்கைத் தீவின் மாகாணங்களுட் கடற்கரையில்லாதன சில. ஊவா அவற்றுள் ஒன்று. பதுளை, மொனராகலை என்னும் அதன் இரு மாவட்டங்களும் நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்டவை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தினின்று நோக்குவார்க்கு நமுனுகுல மலை தோன்றுமேயன்றிக் கடல் தோன்றாது. ஹப்புத்தளைக் கணவாயின் விளிம்பில் நின்றால், வானந் தெளிந்த நாட்களில், தெற்கே அம்பாந்தோட்டைக் கரை ஒரு மெல்லிய கோடுபோலத் தெரியும். ஊவாவுக்கும் கடலுக்குமுள்ள தொடர்பு அவ்வளவே என்று எண்ணுதல் இயல்பு. ஆயினும், அம்மலைநாட்டின்மீது வீசுங் காற்றும், அதனின்று இழியும் ஆறுகளும், செய்மதிகளைக் கொண்டு கடலின் நிறத்தை ஆராயும் விஞ்ஞானத்துக்குத் தக்க துணைச்சான்றுகளாய் அமைந்துள்ளன. வானிலிருந்து பச்சையாகத் தோன்றுங் கடல் எதனாற் பச்சையாயிற்று என்னும் வினா எளிதன்று. இலங்கையைச் சூழ்ந்த கடலைப் பொறுத்தவரையில், அதற்கு விடை காண விரும்புவோர் மலைநாட்டின் மழைக்காலங்களையும் அறிந்திருத்தல் வேண்டும்.

கடலின் நிறத்தை நோக்கித் தொழில் செய்தல் விஞ்ஞானத்தினும் மூத்த வழக்கு. தெளிவு, கலங்கல் என நீரை வகுத்து, இன்ன நிறத்தில் இன்ன மீன் கிடைக்கும் என்று துணிந்து வலை விடுதல் பரதவர் மரபு. காற்றுக்கும் அவர்கள் தனித்தனிப் பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; தென்மேற்கிலிருந்து வருவது சோளகம்; மேற்கிலிருந்து வருவது கச்சான். இந்நான்கனுள் கச்சான் என்னும் பெயர் இக்கட்டுரையிற் பின்னரும் வேண்டப்படும்.

கருவி கொண்டு கடலின் தெளிவை அளக்கத் தொடங்கியவர் அஞ்செலோ செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார். வானியலறிஞராகிய அவர், 1865 ஆம் ஆண்டிற் பாப்பரசரின் கப்பலிலிருந்து வெண்ணிறத் தட்டொன்றை மத்தியதரைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். கயிறும் தட்டுமாகிய அக்கருவி இன்றும் கைவிடப்படவில்லை. சில ஆண்டுகளின் பின் சுவிற்சலாந்து நாட்டு ஃபோரெல் என்பவர் ஏரிகளின் நிறத்தை ஒப்பிடுவதற்கு நிறநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வரிசைப்படுத்தினார். ஊலே என்னுஞ் செருமானியர் அவ்வரிசையைப் பழுப்புநிறம் வரை நீட்டினார். நீலந் தொடங்கிக் கபில நிறம் ஈறாக 21 படிகளைக்கொண்ட அவ்வளவை மாலுமிகள் பலர் பயன்படுத்தினர். கடல் நீலமென்றும் பச்சையென்றும் வாளா கூறுவது போய், இத்தனையாம் படி நிறம் என்று கூறுவது வழக்காயிற்று. ஆயின், நிறத்தைக் குறித்தல் வேறு, அதன் காரணத்தைக் காணுதல் வேறு.

காரணங் கண்ட வரலாற்றில் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த தமிழர் ஒருவருக்குச் சிறப்பான இடமுண்டு. ஆழ்கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்று றேலி பிரபு கூறியிருந்தார். அவர்தம் புகழ் காரணமாக அக்கருத்து ஐயமின்றி ஏற்கப்பட்டது. 1921 ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று மீண்ட சந்திரசேகர வெங்கட ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு அக்கூற்றை ஐயுற்றார். கையிலிருந்த நிக்கொல் அரியம் ஒன்றினூடாக, மேற்பரப்பிற் பட்டுத் தெறிக்கும் வானொளி விலக்கப்படுங் கோணத்திற் கடலை நோக்கினார். பிரதிபலிப்பே காரணமாயின் நீலம் மங்குதல் வேண்டும். அதுவோ மங்காது பின்னுஞ் செறிந்து தோன்றியது. எனவே நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து அந்நிறத்தைத் தருகின்றன என அவர் முடிவு செய்தார். கப்பல் பம்பாய்த் துறையை அடைந்ததும் இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார். நீர் செவ்வொளியை உறிஞ்சுவதும் அந்நீலத்துக்கு ஒரு காரணமென்பது இன்று தெளிவு. எனினும், கடலின் நிறம் கடலுக்குள்ளிருந்தே வருகின்றது என்னும் அடிப்படை உண்மை அப்பயணத்தில் நிலைநாட்டப்பட்டது. வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே கடலின் நிறமாயிருந்தால், அதனை எத்துணை உயரத்திலிருந்து ஆராயினும் கடலைப்பற்றி யாதும் அறிதல் இயலாதன்றோ!

ராமனின் ஆய்வுகூடத்திற் கடல்நிறம் பற்றி உழைத்தவர்களுள் பாலக்காட்டைச் சேர்ந்த கே. ஆர். ராமநாதன் ஒருவர். 1923 இல் அவர் அவ்வாராய்ச்சியினிடையே தூயநீரிற் கண்ட மங்கலான ஒளிமாற்றமே, பின்னர் 1928 இல் ராமன் விளைவு என அறியப்பட்டதன் முதற்குறிகளுள் ஒன்றாயிற்று. ராமநாதனே அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதலாவது பணிப்பாளருமானார். இந்திய விண்வெளி முயற்சி அக்கூடத்தை நாற்றங்காலாகக் கொண்டு முளைத்தது. பல பத்தாண்டுகளின் பின் கடலின் நிறத்தை வானிலிருந்து அளக்கும் இந்தியக் கருவி அதே அகமதாபாத்து நகரில் உருவானது, திட்டமிட்டு நேர்ந்ததன்றாயினும், வரலாறு விரும்புவோர் குறித்துக்கொள்ளத்தக்க பொருத்தமே.

தூய நீர் நீலமாயின் பச்சை எங்கிருந்து வருகின்றது? மலைநாட்டுத் தேயிலையைப் பச்சையாக்கும் பொருளே கடலையும் பச்சையாக்குகின்றது. கண்ணுக்குப் புலனாகாத நுண்டாவரங்கள் எண்ணிறந்தன கடலின் மேனீரில் மிதக்கின்றன. தாவரப் பிளாந்தன் எனப்படும் இவற்றினுள்ளும் பச்சையம் உண்டு. இவையும் ஞாயிற்றின் ஒளிகொண்டு உணவாக்குகின்றன. உலகிலுள்ள தாவரங்கள் யாவும் ஆண்டுதோறும் ஆக்கும் உணவில் ஏறத்தாழப் பாதி இந்நுண்ணுயிர்களால் ஆக்கப்படுகின்றது. சிற்றிறால் இவற்றை உண்ணச் சிறுமீன் அவற்றை உண்ணப் பெருமீன் வாழ்கின்றது. ஆதலின் ஒரு கடலிற் பச்சையம் எவ்வளவு உண்டென அறிதல், ஒரு தோட்டத்திற் கொழுந்து எவ்வளவு உண்டென அறிதல் போல்வது.

அவ்வளவை அறிய முன்னாளிற் கப்பலேறிச் சென்று நீரை மொண்டு வருதலன்றி வேறு வழியில்லை. முத்துப்பார்கள் ஆண்டுக்கணக்காக மலடாய்க் கிடந்த காரணத்தை ஆராயுமாறு இலங்கை அரசாங்கம் அழைத்த பேராசிரியர் ஹேட்மன், உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலுடன் 1902 இல் வந்து மன்னார்க் குடாவிலும் பிற இடங்களிலும் பிளாந்தன் வலை இழுத்தார். அவர்தம் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டன் றோயற் சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. பிற்காலத்தில் இலங்கை மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தில் எம். துரைரத்தினம் கடற்பாசிகளை முறையாகத் தொகுத்து 1961 இல் வெளியிட்டார். அதே காலத்தில், 1959 தொடக்கம் 1965 வரை, உலக நாடுகள் பல ஒன்றுகூடி நடத்திய சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணம் நிகழ்ந்தது. நாற்பதளவான கப்பல்கள் அதில் ஈடுபட்டன. அள்ளிய பிளாந்தன் கொச்சியில் வகுத்து எண்ணப்பட்டது. அதன் பயனாக 1966 இற் கோவாவில் இந்திய தேசியக் கடலாராய்ச்சி நிலையம் தோன்றியது. அத்துணைக் கப்பல்கள் அத்துணை ஆண்டுகள் உழைத்தும், சமுத்திரத்திற் புள்ளி புள்ளியாகவே நீர் எடுக்கப்பட்டது. ஒரு கப்பல் ஓரிடத்தில் நிற்கும்போது மற்றோரிடத்தில் யாது நிகழ்ந்தது என்பது அறியவொண்ணாததாயிருந்தது. பருவக்காற்றோடு கிழமைக்குக் கிழமை மாறும் இந்து சமுத்திரத்திற்கு இக்குறை மிகப் பெரிது.

பச்சையம் நீலவொளியை உறிஞ்சும். பச்சையொளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே கடலினின்று மேலெழும் ஒளியில் நீலத்துக்கும் பச்சைக்குமுள்ள விகிதத்தைக் கண்டால், நீரைத் தொடாமலே பச்சையத்தை மதிப்பிடலாம். அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் நிலையத்தைச் சார்ந்த கிளார்க் முதலிய மூவர் விமானத்திலிருந்து இதனைச் செய்து காட்டி 1970 இல் வெளியிட்டனர். விமானம் உயர உயரக் கடலின் நிறத்தை வளிமண்டலத்தின் ஒளி மூடுவதையும் அவர்களே கண்டனர். செய்மதிக்கு இவ்விடர் பன்மடங்காகும். அதனை அடையும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு காற்றினாற் சிதறடிக்கப்பட்டது. கடல் அனுப்புவது எஞ்சிய பத்தில் ஒன்றே. பெரும்பேரிரைச்சலினிடையே ஒருவர் மெல்லக் கூறுஞ் சொல்லைப் பிரித்தறிவது போன்ற வேலை இது. கடல் ஒளி அனுப்பாத செந்நிறப் பகுதியில் வருவது முழுவதுங் காற்றின் பங்கே எனக்கொண்டு, அதனை அளந்து பிற நிறங்களினின்றுங் கழிக்கும் முறையை மயாமிப் பல்கலைக்கழகத்துக் கோர்டன் முதலியோர் வகுத்தனர். நிறம் காணும் விஞ்ஞானம் என்று இதனைக் கூறினும், காற்றைக் கழிக்கும் விஞ்ஞானம் என்பதே கூடுதற் பொருத்தம்.

1978 ஆம் ஆண்டு ஒக்டோபர் 24 ஆந் திகதி அமெரிக்கா ஏவிய நிம்பஸ்-7 என்னுஞ் செய்மதியிற் கடலின் நிறத்துக்கென்றே அமைந்த முதற்கருவி இருந்தது. ஏறத்தாழ 950 கிலோமீற்றர் உயரத்திலிருந்து 825 மீற்றர் பக்கமுள்ள சதுரங்களாக அது கடலைப் பார்த்தது. 443 நனோமீற்றர் நீலம், 520, 550 நனோமீற்றர் பச்சை, 670 நனோமீற்றர் சிவப்பு என்பன அதன் முதன்மையான நிறங்கள். ஓராண்டு இயங்கினாற் போதும் என்று செய்யப்பட்ட அக்கருவி 1986 வரை உழைத்தது. அது புறப்பட்ட அதே 1978 இல், நோர்வே நாட்டு ஆராய்ச்சிக் கப்பலாகிய 'டொக்டர் பிரிட்ஜொவ் நன்சன்' இலங்கைக் கரையோர மீன்வளத்தை அளக்க வந்து 1980 வரை மும்முறை ஆய்ந்தது. மேலிருந்து ஒரு கண்ணும் கீழிருந்து ஒரு வலையும் ஒரே காலத்தில் ஒரே கடலைத் தேடின. அன்று அவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பார் இல்லை.

1986 இன் பின் பத்தாண்டுக்காலம் வானத்தில் அத்தகைய கண் இருக்கவில்லை. 1996 இல் யப்பான் ஏவிய செய்மதி ஓராண்டு நிறையுமுன்னரே செயலிழந்தது. அதே ஆண்டு இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-பி3 செருமானியக் கருவியொன்றைச் சுமந்து சென்றது. 1997 ஆகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்கா ஏவிய சீவிஃப்ஸ் 2010 இறுதிவரை உழைத்து, உலகக் கடலனைத்தையும் ஏறத்தாழ நாடோறும் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கியது. இந்தியாவின் பங்கு 1999 மே 26 இல், சிறீஹரிக்கோட்டாவிலிருந்து ஐ.ஆர்.எஸ்.-பி4 என்னும் ஓஷன்சாட்-1 ஏவப்பட்டபோது முழுமை பெற்றது. எட்டு நிறங்கள், 360 மீற்றர் நுணுக்கம், 1,420 கிலோமீற்றர் அகலம், இரு நாட்களுக்கொருமுறை மீளுகை என்னும் இயல்புகள் அதன் கடனிறக் கருவிக்கு வாய்த்தன. இலங்கைத்தீவு முழுவதையும் சுற்றுக்கடலோடு ஒரே படத்தில் அடக்க அவ்வகலம் தாராளமாகப் போதும். 2009 செப்டெம்பர் 23 இல் ஓஷன்சாட்-2 உம், 2022 நவம்பர் 26 இல் மூன்றாவதாகிய இ.ஓ.எஸ்.-06 உம் அதனைத் தொடர்ந்தன.

இக்கருவிகள் காட்டிய கடல்களுள் இலங்கையைச் சூழ்ந்த கடல் தனிச்சிறப்புடையது. விநாயச்சந்திரன், யாமகத்தா என்னும் இருவர் 1998 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சோளகக் காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே குளிர்ந்த ஆழநீர் குமிழ்போல் மேலெழுந்து நிற்குமென்று காட்டினர். இலங்கைக் குமிழ் எனத்தகும் அது மே மாதமளவில் தோன்றி, யூலையில் முதிர்ந்து, செப்டெம்பரிற் குன்றுவது. காற்று இடஞ்சுழியாகச் சுழன்று வீசுமிடத்து மேனீர் பிரிந்து விலக, அடிநீர் அவ்விடத்தை நிரப்ப எழுதலே அதன் காரணம். 2004 இல் விநாயச்சந்திரனும் இந்திய ஆய்வாளர் சிலரும் ஓஷன்சாட் தந்த படங்களை வைத்து, அதே பருவத்தில் இலங்கையின் தென்கரையோரம் பச்சையம் செறிவதையும், தென்மேற்குப் பருவ நீரோட்டம் அதனைக் கிழக்கே வங்காள விரிகுடாவுக்குள் வாரிச் செல்வதையும் எடுத்துக்காட்டினர். வெப்ப வலயத் திறந்த கடலிற் கனமீற்றருக்குப் பத்தில் ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவேயாகும் பச்சையம், அக்காலத் தென்கரையில் அதனைப் பன்மடங்கு விஞ்சுகின்றது.

தென்கரையிற் பச்சை தோன்றுவதன் காரணத்தை எக்மன் என்னும் சுவீடிய அறிஞர் 1905 இற் கூறிய கொள்கை விளக்கும். வட அரைக்கோளத்திற் காற்று வீசும்போது, புவி சுழல்வதால், மேனீர் காற்றுக்கு வலப்புறமாக ஒதுங்கும். மேற்கிலிருந்து கிழக்காகத் தென்கரையைத் தடவிச் செல்லும் காற்றுக்கு வலப்புறம் தெற்கு, அஃதாவது ஆழ்கடல். மேனீர் கரையைவிட்டு விலக, இருளிற் கிடந்த குளிர்நீர் மேலெழும். அந்நீரில் நைத்திரேற்று, பொசுபேற்று முதலிய உரச்சத்துக்கள் நிறைந்துள்ளன. இருளிற் பயன்படாது கிடந்த உரமும் மேலேயுள்ள ஒளியும் சேர்ந்தவிடத்தில் நுண்டாவரங்கள் மலிகின்றன.

ஊவா இவ்வாராய்ச்சியினுள் வருமிடம் இதுவே. கடல் பச்சையாவதற்கு ஆறுகள் கொணரும் மண்ணும் உரமுங் காரணமாகலாமன்றோ என்று ஒருவர் வினவலாம். உலகின் பல கரைகளில் அதுவே காரணம். ஆதலின் வினா புறக்கணிக்கத்தக்கதன்று. யூன் தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் மத்திய மலைத்தொடரின் மேற்குச்சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, ஈரமிழந்த காற்றாகக் கிழக்கே இறங்குகின்றது. இறங்கும்போது வெம்மையும் வறட்சியும் மிகும். ஊவாவிலும் கிழக்கு மாகாணத்திலும் கச்சான் எனப்படுவது அக்காற்றே. பதுளைத் தோட்டங்களிற் கொழுந்தின் வளர்ச்சியைத் தளர்த்தி, ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் புகழ்தந்த தனி மணத்தை யூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள நாட்களிற் சேர்ப்பதும் அதுவே. அப்பருவத்தில் ஊவாவின் ஓடைகள் வற்றுகின்றன. நமுனுகுலத் தொடரினின்று பிறந்து கதிர்காமத்தினூடாகச் செல்லும் மாணிக்க கங்கையும், எல்லைப் பக்கமாக இறங்கித் திசமகாராமை வழியாகச் செல்லும் கிரிந்தி ஓயாவும், கும்புக்கன் ஓயாவும் தென்கிழக்குக் கரையை அடைவன. ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமஞ் செல்லும் அடியார்கள் மாணிக்க கங்கையில் மெலிந்த நீரைக் காண்பதே பெரும்பாலும் வழக்கம். அவ்வாறு ஆறுகள் மெலியுங் காலத்திலேதான் அவை கலக்குமிடத்துக் கடல் பச்சை மிகுந்து தோன்றுகின்றது. எனவே அப்பச்சை ஊவாவின் மண்ணாலானதன்று; ஆழத்திலிருந்து எழுந்ததே. தென்மேற்கிலுள்ள களு கங்கை, ஜின் கங்கை, நில்வளா கங்கை என்பன அப்போது பெருகுவன என்பது உண்மையே. ஆயின் ஆற்றுக் கலங்கல் கரையை அணைந்து கிடப்பது. செய்மதி காட்டும் பச்சையோ கரையை விட்டு நெடுந்தூரம் கிழக்கே நீள்வது. மேலும், வெப்பத்தை அளக்குஞ் செய்மதிகள் அவ்விடத்து நீர் குளிர்ந்திருப்பதையும் காட்டுகின்றன. ஆற்றுநீர் அக்குளிரைத் தருதல் இயலாது.

இவ்வாறு நோக்கின், ஒரே காற்று மலையில் ஓர் இலையை வாட்டிச் சுவைதரச் செய்து, கடலில் மற்றோரிலையைத் தழைக்கச் செய்கின்றது. இது வெறும் உவமையன்று. நாட்காட்டியில் ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி.

வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழாகின்றது. ஒக்டோபரிலிருந்து யனவரி வரை ஊவாவின் மழை பெய்கின்றது. ஆறுகள் செந்நீராய்ப் பெருகுகின்றன. பதுளை ஓயா துன்ஹிந்தையில் 64 மீற்றர் வீழ்ந்து வடக்கே சென்று மகாவலியோடு கூடுகின்றது. உமா ஓயாவும் லொக்கல் ஓயாவும் அவ்வாறே கூடுவன. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. அதன் கிளையொன்று வெருகலாறு என்னும் பெயரோடு பிரிந்து கடலடைகின்றது. பதுளை மலைச்சரிவில் இழந்த மண்ணின் ஒரு பகுதி கொட்டியாரத்தைச் சேர்தல் திண்ணம். மற்றொரு பகுதி இடைவழியில் தங்குகின்றது. உமா ஓயா கொணர்ந்த மண்ணால் ரந்தம்பை நீர்த்தேக்கம் தூர்ந்து வருவது பொறியியலாளர் பன்முறை எடுத்துக்காட்டிய செய்தி.

அம்மண் இழப்பின் வரலாறு பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டனர். சுரண்டி கொண்டு புல்பூண்டின்றி நிலத்தை வெறுமையாக வைப்பதே நல்ல தோட்டத்தின் இலக்கணமென்று துரைமார் கருதினர். மழையில் மேன்மண் கழுவிச் சென்றது. 1869 இல், பதுளைக்கு அணித்தான மடுல்சீமைத் தோட்டமொன்றிற் கோப்பியிலையில் மஞ்சட் செம்புள்ளிகள் கண்டன. எமிலியா வசுத்தாத்திரிக்சு என்னும் அப்பூஞ்சணத்தால் இருபதாண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பித் தொழில் வீழ்ந்தது. இலையின் நிறமாற்றத்தைக் கண்டுகொண்ட கண்கள் ஆற்றின் நிறமாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை என்பது அக்காலத்தார்மீது சாட்டத்தக்க குற்றம். தேயிலை வந்தபின்னரும் சுரண்டும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. மண்காப்புச் சட்டம் நிறைவேறியது 1951 இல். மண் காவாத மலைச்சரிவின் கேட்டுக்குத் தோட்டத் தொழிலாளர் கொடுக்கும் விலை எத்தகையதென்பதை, 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் மறைந்த நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்தியது.

இந்தச் செந்நீரே செய்மதி விஞ்ஞானத்தின் மிகப் பெரிய மயக்கத்துக்கும் காரணம். மண் கலந்த நீர் பச்சையொளியையும் செவ்வொளியையும் மிகுதியாகத் தெறிக்கச் செய்யும். நீலம்-பச்சை விகிதத்தை மட்டுமே நம்பும் கணக்கு, அதனைப் பச்சையம் மிகுந்த நீர் என்று கூறிவிடும். மேலும் சிவப்பில் வருவது முழுவதுங் காற்றின் பங்கே என்னும் எடுகோளும் அங்கே பிழைக்கின்றது. கடலே சிவப்பை அனுப்புகின்றதாதலின் காற்றின் பங்கு மிகையாய்க் கழிக்கப்பட்டுவிடும். பிரான்சிய அறிஞர் மோரல், பிரியோர் என்போர் 1977 இலேயே கடனீரை இருவகைப்படுத்தி, நுண்டாவரமே நிறத்தை ஆளும் நீரும் மண்முதலியன ஆளும் நீரும் ஒரே கணக்குக்கு அடங்கா என்று எச்சரித்தனர். இலங்கைக்குத் தெற்கேயுள்ள ஆழ்கடல் முதல்வகை. கொட்டியாரக் குடாவும், ஆழங்குறைந்து அடிமண் கலங்கும் பாக்கு நீரிணையும் பெரும்பாலும் இரண்டாம் வகை. இவ்வேறுபாட்டை அறியாது, பாக்கு நீரிணையின் பச்சையைக் கண்டு மீன்வளம் மிக்கதென முடிவு கட்டுதல் தவறு.

மயக்கம் இஃதொன்றோடு முடியவில்லை. செய்மதியின் கண் முகிலை ஊடுருவாது. தென்கரை மிகப் பச்சையாகும் சோளகக் காலமே வானம் மிகவும் மூடிக்கிடக்குங் காலம். எட்டு நாட் படங்களையோ ஒரு திங்களின் படங்களையோ ஒன்றுசேர்த்து, முகில் விலகிய துண்டுகளால் ஒரு முழுப்படம் தைக்கின்றனர்; அத்தகைய படத்தில் ஒரு துண்டு திங்கட்கிழமைக் கடலாகவும் அதனையடுத்தது வெள்ளிக்கிழமைக் கடலாகவும் இருக்கலாம். இன்னும், செய்மதி காண்பது கடலின் மேற்றோலையே. தெளிந்த நீரிற் சில பத்து மீற்றர் வரையும், பச்சைநீரிற் சில மீற்றர் வரையுமே அதன் பார்வை செல்லும். வெப்ப வலயக் கடல்களிற் பச்சையம் மிகச் செறிந்த அடுக்கு பெரும்பாலும் அதற்குக் கீழேயே கிடக்கின்றது.

இக்குறையை மனிதர்க்கு உணர்த்தியவை திமிங்கிலங்கள் எனலாம். உலகின் மிகப் பெரிய உயிராகிய நீலத்திமிங்கிலம் டிசம்பர் முதல் ஏப்ரில் வரை மிரிசை, தேவேந்திரமுனைப் பக்கங்களிற் கூட்டமாகக் காணப்படுகின்றது. ஆயின் அவ்வாடைக்காலத்திற் செய்மதிப்படம் தென்கரையின் மேனீரில் விளைவு குறைவென்றே காட்டுகின்றது. உணவற்ற கடலுக்கு இத்துணைப் பெரிய உயிர் ஏன் வருகின்றது? ஆஷா டி வோஸ், சரித பட்டியாரச்சி, விஜேரத்ன என்னும் மூவர் 2014 இல் வெளியிட்ட ஆய்வு இம்முரணிலிருந்தே தொடங்குகின்றது. கிழக்குக்கரையிலும் மேற்குக்கரையிலும் நீரோட்டம் இரு பருவங்களிலும் தெற்கு நோக்கி வந்து தென்கரையிற் சந்தித்து வெளியே ஒதுங்குகின்றதென்றும், அதனால் இரு பருவங்களிலும் அங்கே ஆழநீர் எழுகின்றதென்றும் அவர்கள் காட்டினர். எழுமிடம் சோளகத்திற் கிழக்கேயும் வாடையில் மேற்கேயும் நகர்கின்றது. செய்மதி இல்லாவிடின் அவ்வினாவே எழுந்திராது. செய்மதியை மட்டும் நம்பியிருந்தாலோ விடை பிழைத்திருக்கும்.

பயன்பாட்டின் பக்கமும் இவ்வாறே இருபுறமுடையது. 1999 இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடற் தகவற் சேவை மையம், கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் இணைத்து மீன் கூடக்கூடிய இடங்களைக் குறித்து மீனவர்க்கு அறிவிக்கின்றது. தமிழ்நாட்டுக் கரையோரத்தார்க்கு அச்செய்தி தமிழிற் கிடைக்கின்றது. இலங்கையில் 1981 இல் நிறுவப்பட்ட நாரா என்னும் நீர்வாழ் வள நிறுவனமும் மஞ்சட்செட்டைச் சூரை போன்ற மீன்களுக்குச் செய்மதித் தரவுகளைப் பயன்படுத்தி வந்துள்ளது. எரிபொருளும் அலைச்சலுங் குறைவது சிறிய நன்மையன்று. ஆயின் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டும் அறிவிப்பு யாவரையும் அவ்விடத்துக்கே இழுக்கும். பெரிய கலமுடையோர் முந்துவர். விஞ்ஞானம் மீனைக் காட்டுமளவுக்கு அதனைப் பங்கிடும் நெறியைக் காட்டுவதில்லை.

ஊவாவைப் பொறுத்தவரையிற் கடற்செய்தியின் பயன் மீனன்று, மழை. 1997 இன் இறுதியில், வழக்கமாகப் பச்சையம் அருகிக் கிடக்கும் சுமத்திராவின் பக்கத்துக் கடல் பச்சையாய்ப் பொங்கியதைப் புதிதாக ஏவப்பட்டிருந்த சீவிஃப்ஸ் கண்டது. முர்த்துகுட்டே முதலியோர் 1999 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டனர். சமுத்திரத்தின் கிழக்குப் பக்கம் குளிர்ந்து மேற்குப்பக்கம் வெம்மையுற்ற ஆண்டு அது. இந்து சமுத்திர இருமுனை நிலை எனப்படும் இத்தகைய நிலை தோன்றும் ஆண்டுகளில் இலங்கையின் பெரும்போக மழை மிகுதற்கு இடமுண்டென்று லாரீப் சுபைர் முதலியோர் 2003 இல் எழுதினர். பெரும்போக மழையே பதுளைச் சரிவுகளை நனைப்பதும் சில ஆண்டுகளிற் சரிப்பதும். சுமத்திராக் கரையிற் கடல் நிறம் மாறுதல் நமுனுகுல அடிவாரத்தில் வாழ்வார்க்கு முற்றிலும் அயற்செய்தி அன்று.

2024 பெப்ரவரி 8 இல் அமெரிக்கா ஏவிய பேஸ் என்னுஞ் செய்மதி, எட்டு நிறம் பத்து நிறம் என்று எண்ணாது, ஊதா கடந்த ஒளியிலிருந்து செவ்வொளி கடந்து செல்லும்வரை நிறமாலையை இடையறாது மென்கீற்றுக்களாகப் பிரித்துக் காண்கின்றது. இந்தியாவின் இ.ஓ.எஸ்.-06 இலுள்ள கருவி 13 நிறங்களில் அளக்கின்றது. நுண்டாவரங்களுள்ளும் இன்ன வகையென்று பிரித்தறிய இவை முயல்கின்றன. மண்ணின் நிறமாலை வேறு, பச்சையத்தின் நிறமாலை வேறாதலின், மார்கழியிற் கொட்டியாரத்தை மூடும் மகாவலிக் கலங்கலும், ஆடியில் தேவேந்திரமுனைக்கு அப்பால் விரியும் பச்சையும் இனி ஒரே எண்ணால் எழுதப்பட வேண்டியதில்லை.